கரும்பொருளும் விளாத்திகுளம் வத்தலும்

'கரும்பொருள் கண்ட கோவில்பட்டிக் கண்மணியே வருக' என்று என்னைப் பற்றி எழுதியிருந்ததை நான் முதன்முதலில் படித்தது கோவில்பட்டி ரயில் நிலையத்து வாசலில், பல்கூடத் தேய்க்காத முகத்தோடு. ஆளுயரத்துக்கும் மேலே ஒரு ஃபிளெக்ஸ். என் பாஸ்போர்ட் போட்டோவை ஊதிப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் வளையத்தோடு சனிக்கிரகம். எனக்கும் சனிக்கிரகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதற்குக் கீழே, என்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, கும்பிட்ட கையோடு என் பெரியப்பா மகன் செல்வம் அண்ணாச்சி நின்றார்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னோடு இறங்கிய பேராசிரியர் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"நல்வரவு என்று எழுதியிருக்கிறார்கள்."

"இத்தனை எழுத்திலா?"

"எங்கள் ஊரில் வரவேற்பு கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டு அவருடைய பெட்டியைத் தூக்கினேன். ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அவர் இறங்கியதும் பிளாட்பாரத்தை ரசிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று பெட்டியையும் நான்தான் இழுத்துப் போட்டேன். அவர் தேடும் பொருள் கண்ணுக்குத் தெரியாது என்பதாலோ என்னவோ, கண்ணுக்குத் தெரிகிற பெட்டிகளை அவர் கவனிப்பதே இல்லை.

செல்போனில் படம் எடுக்கலாம் என்பதே ஊரில் புதுசாக இருந்த காலம் அது. நான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருடமாக ஒப்பந்த ஆராய்ச்சியாளர். ஒப்பந்தம் என்றால் தீப்பெட்டி ஆபீஸில் கட்டைக்கு இவ்வளவு கூலி என்று குச்சி அடுக்குகிற வேலைபோலத்தான், மேஜையும் ஹீட்டரும் மட்டும் கூடுதல். பேராசிரியர் எங்கள் குழுவின் தலைவர். பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவர், "உன் ஊரைப் பார்க்க வேண்டும், உண்மையான இந்தியாவைப் பார்க்க வேண்டும்" என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார். பெங்களூர் பொய்யான இந்தியா போலிருக்கிறது.

அண்ணாச்சி வெள்ளை அம்பாசடரோடு காத்திருந்தார். தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருப்பவர், ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மைக்குக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

"அண்ணாச்சி, நான் எதையும் கண்டுபிடிக்கல. எதுக்கு இப்படி அடிச்சு வச்சிருக்கீங்க?"

"ஏட்டி, நீதான ஒரு மாசம் முந்தி போன்ல சொன்ன, ஏதோ தெரியுதுன்னு."

"தெரியுத மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். மாதிரின்னு போட்டா ஃபிளெக்ஸ்ல அழகா இருக்காது. ஞாயித்துக்கிழம கல்யாண மண்டபத்துல பாராட்டு விழா. ஜனத்தக் கூப்ட்டாச்சு."

உண்மையைச் சொன்னால், அவர் செய்ததையேதான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம். என்ன, நாங்கள் ஃபிளெக்ஸில் அடிக்கவில்லை, ஆய்விதழில் அடிக்கப்போகிறோம்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெர்சியஸ் என்ற விண்மீன் தொகுதி இருக்கிற திசையில், இருபது கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், ஆயிரக்கணக்கான கேலக்ஸிகள் ஒரே கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை ஓடுகிற வேகத்துக்கு எப்போதோ சிதறிப்போயிருக்க வேண்டும். சிதறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற எடை அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது. கல்யாண வீட்டில் பந்தியில் நூறு பேர்தான் உட்கார்ந்தார்கள், ஆனால் கொல்லையில் ஐந்நூறு அறுநூறு எச்சில் இலை கிடக்கிறது என்றால், நம் கண்ணில் படாமல் யாரோ சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். அப்படிச் சாப்பிட்டுப் போனவருக்குத்தான் கரும்பொருள் என்று பெயர். அந்தப் பொருளின் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் காமாக் கதிர் வரலாம் என்பது ஒரு கணக்கு. அந்தக் கதிர் நம் காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதும்போது இமைப்பதற்குள் ஒரு நீல வெளிச்சம் வந்து மறையும். அதைப் பிடிக்கத் தீவு ஒன்றின் மலை மேல் பெரிய கண்ணாடியை வைத்துக்கொண்டு நாலு குளிர்காலம் காத்திருந்தோம்.

நாலு குளிர்காலமும் எண்ணிப் பார்த்ததில், மற்ற திசைகளைவிட அந்தத் திசையில் கதிர் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குப் பேராசிரியர் ஏற்கெனவே பத்திரிகைக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். திங்கட்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். பெயர் வரிசையில் முதல் பெயர் என்னுடையது, கடைசிப் பெயர் அவருடையது. எங்கள் தொழிலில் முதல் பெயர் உழைத்தவருக்கு, கடைசிப் பெயர் மாலை போட்டுக்கொள்பவருக்கு. கட்டுரை வந்தால் என் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும், வராவிட்டால் டிசம்பரோடு சரி. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவு நாகரிகமான மனிதர்.

முதல் நாள் சாப்பாட்டிலேயே போனது. காலையில் இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். மிளகாய்ப்பொடியைப் பார்த்துவிட்டு இது எந்த மசாலா என்று கேட்டவர், பதில் வருவதற்குள் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த கால் மணி நேரம் வீட்டில் இருந்த தயிரெல்லாம் தீர்ந்தது. சாயங்காலம் கடலை மிட்டாய் கொடுத்தோம். அதை அவர் தட்டில் வைத்துக் கத்தி முள்கரண்டியால் வெட்டப் பார்த்தார். கத்தி வளைந்தது. ஜெர்மனியில் எங்கள் கேன்டீனில் தினமும் உருளைக்கிழங்கு. திங்கள் அவித்தது, செவ்வாய் மசித்தது, புதன் வறுத்தது. அங்கே ஆறு வருடத்தில் ஒருநாளும் கத்தி வளைந்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்தவர் போனவரெல்லாம் பேராசிரியரைச் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளைகள், ரத்தக் கொதிப்பு உண்டா, அங்கன அரிசி கிடைக்குமா. கரும்பொருளைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் ஃபிளெக்ஸிலேயே போட்டாச்சே.

இரண்டாம் நாள் விளாத்திகுளம் புறப்பட்டோம். மிளகாய் வத்தல் சீசன், அங்கே மண்டியைப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் ஆசைப்பட்டார். அம்பாசடர் அன்றைக்குக் கல்யாண ஊர்வலத்துக்குப் போய்விட்டதால் தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற வேனில் முன்சீட்டில் டிரைவரும் நாங்களுமாக மூன்று பேர் நெருக்கிக்கொண்டோம். பாதி வழியில் டயர் பஞ்சர். முந்தின நாள் காலமில்லாத காலத்தில் ஒரு தூறல் போட்டிருந்தது. டிரைவர் ஸ்டெப்னி மாட்டுகிற நேரத்தில் பேராசிரியர் கேமராவோடு ரோட்டோரக் கரிசல் காட்டுக்குள் இறங்கினார். "வேண்டாம், கரிசல் நனைந்திருக்கிறது" என்றேன். தன்னுடைய பூட்ஸ் ஆல்ப்ஸ் மலை ஏறியது என்றார்.

ஆல்ப்ஸில் கரிசல் இல்லை. பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு பூட்ஸிலும் ஒரு மரக்கால் மண் அப்பிக்கொண்டது. எட்டு வைக்க வைக்க ஆள் உயர்ந்துகொண்டே போனார். பதினைந்தாவது எட்டில் பூட்ஸ் அங்கேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் வந்தார். ரோட்டோரம் டி.வி.எஸ். ஐம்பதில் போன ஒருவர் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செருப்பக் கழத்திக் கையில புடிச்சிட்டு எறங்கணும்னு அவியளுக்கு யாரும் சொல்லலயா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார். நியாயமான கேள்வி. பூட்ஸைச் சுரண்ட அரை மணி நேரமானது.

விளாத்திகுளத்தில் நாங்கள் போன மண்டியை நடத்துகிறவர் பேச்சியம்மாள். எனக்குச் சமவயது. காதில் பேனா, இடுப்பில் சாவிக்கொத்து, மிளகாய் நெடியில் சுற்றியிருக்கிறவர்களெல்லாம் தும்மும்போது ஒரு தும்மல்கூடப் போடாத மூக்கு. அண்ணாச்சிக்குத் தெரிந்தவர். நாங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வாங்க வாங்க. தொர, ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க. பதினெட்டுக்குள்ள."

நான் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் குழம்பிப்போய் ஏழு என்றார்.

"ஏழாவது மூட்டையப் பிரிங்கலே" என்றார் பேச்சியம்மாள்.

பிறகுதான் விளக்கினார். ஓட்டப்பிடாரம் பக்கத்து சம்சாரி ஒருவர் தன் காட்டில் விளைந்த பதினெட்டு மூட்டை வத்தலைக் கொண்டுவந்திருக்கிறார். வாங்க வந்த வியாபாரி ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்து மொத்தத்துக்கும் விலை சொல்வார். எந்த மூட்டை என்பதுதான் சண்டை. சம்சாரியைக் கைகாட்டவிட்டால் நல்ல மூட்டையைக் காட்டுவார். வியாபாரியை விட்டால் விலையைக் குறைக்க மோசமானதைத் தேடிப் பிடிப்பார். அதனால் இந்த மண்டியில் ஒரு வழக்கம். அடுத்து வாசல்படி ஏறுகிற ஆள், யாராக இருந்தாலும், மூட்டையைப் பார்க்காமல் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். தபால்காரர் சொல்லியிருக்கிறார், டீ கொண்டுவந்தவர் சொல்லியிருக்கிறார், ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஜெர்மன் பேராசிரியர்.

ஏழாவது மூட்டையில் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளிச் சாக்கில் பரப்பினார்கள். பாதி சோடை. செக்கச்செவேல் என்று இருக்க வேண்டியது வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. சம்சாரியின் முகம் சுருங்கிப்போனது.

"யக்கா, அந்த மூட்ட மட்டும் நேத்துத் தூத்தல்ல நனஞ்சிட்டு. அத விட்டுட்டு வேற ஒண்ணு பாக்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு."

"நனஞ்ச மூட்டன்னா பிரிக்கதுக்கு முந்தியே தனியா எடுத்து வச்சிருக்கணும்லா. பிரிச்சுப் பாத்த பெறகு சொன்னா எப்படி? சோடையாத் தெரியுத மூட்டயெல்லாம் நனஞ்ச மூட்டன்னுதான் சொல்லுவிய."

"மழ பெஞ்சது நெசந்தானக்கா."

"பெஞ்சது நெசம். நான் இல்லன்னு சொல்லல. பிரிச்ச பெறகு அத ஞாபகம் வச்சதுதான் தப்பு."

இதை வரி வரியாக மொழிபெயர்த்தேன். பேராசிரியருக்குக் கண்ணெல்லாம் விரிந்தது. பாதி மிளகாய், பாதி ஆனந்தம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பேச்சியம்மாளையும் ஏழாவது மூட்டையையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார். "பார்த்தாயா, விஞ்ஞானத்தின் அடிப்படையே இதுதான். முடிவைப் பார்த்த பிறகு விதியை மாற்றக் கூடாது. நம் மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர மூன்று வருடம் ஆகிறது" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. மனிதர் மனசார மெச்சிக்கொண்டிருந்தார்.

எங்கள் கட்டுரையில் மேகமூட்டம் என்று காரணம் காட்டி முப்பது இரவுகளைத் தள்ளியிருந்தோம். மேகம் இருந்தது நிஜம்தான், சில இரவுகளில் மெல்லிசாக இருந்தது. ஆனால் எந்தெந்த இரவைத் தள்ளுவது என்று அவர் பட்டியல் கொடுத்தது, ஒவ்வொரு இரவிலும் எத்தனை கதிர் வந்தது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான். அதே மெல்லிய மேகம் இருந்து கதிர் கூடுதலாக வந்த இரவுகள் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே கணினியில் ஏற்றியவள் நான். ஏற்றும்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். தெரியுத மாதிரி இருக்குன்னு அண்ணாச்சியிடம் சொன்னேனே, அதில் பாதி இந்த மாதிரிதான். மண்டியில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அண்ணாச்சி பேராசிரியரைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போனார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரௌசிங் சென்டருக்குப் போனேன். பிளைவுட் தடுப்பு, அழுக்குத் திரை, வியர்வையில் ஒட்டுகிற கீபோர்டு. அங்கே உட்கார்ந்து ஜெர்மனியில் இருக்கிற எங்கள் கணினிக்குள் நுழைந்தேன். இரவுகளைத் தள்ளுவதற்குப் புதிதாக ஒரு விதி எழுதினேன். மேகம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் எந்த இரவாக இருந்தாலும் தள்ளு, அதற்குக் கீழே இருந்தால் எந்த இரவாக இருந்தாலும் சேர், கதிர் எண்ணிக்கையைப் பார்க்காதே. அந்த அளவு என் சொந்தச் சரக்கு இல்லை, கருவியைக் கட்டியபோதே கையேட்டில் போட்டுவைத்தது. எழுதிவிட்டு ஓடவிட்டேன்.

மூன்று மணி நேரம் ஓடும். நடுவில் இரண்டு முறை கரன்ட் போனது. யு.பி.எஸ். ஒப்பாரி வைத்தது. லைன் அறுந்தாலும் அங்கே ஜெர்மனியில் கணினி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் ஆறுதல். கடைக்காரர் டீ வாங்கிக்கொடுத்தார். நான் திரையை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"ரிசல்ட் பாக்குதீங்களாக்கா?"

"ஆமா."

"எந்த யுனிவர்சிட்டி?"

"வெளியூரு."

மதியம் முடிவு வந்தது. எல்லா இரவுகளையும் ஒரே விதிப்படி எண்ணினால் பெர்சியஸ் திசையில் ஒன்றும் கூடுதலாக இல்லை. பக்கத்தில் இருக்கிற வெறும் வானத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கரும்பொருள் அங்கே இருக்கலாம். இருந்தாலும், காமாக் கதிராக இவ்வளவுக்கு மேல் வெளிவிடவில்லை என்றுதான் எங்களால் சொல்ல முடியும். நாலு குளிர்காலம், மலை மேல் எத்தனை இரவு, ஊரில் அப்பா சாவுக்குக்கூடப் பதினாறாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

கடைக்காரர் பதறிவிட்டார். "என்னக்கா, போயிட்டா?"

"போயிட்டு."

"எத்தன பேப்பர்?"

"ஒரே பேப்பர்தான்."

"ஒரு பேப்பருக்கா அழுதீங்க? செப்டம்பர்ல எழுதிக் கிளியர் பண்ணிரலாம். எங்க வீட்டுல அவ நாலு அரியர் வச்சிருந்தா. இப்ப டீச்சரா இருக்கா" என்றார். முப்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரே ஆறுதல் அதுதான். பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அந்தத் தாளைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மேகமூட்டமான இரவுகளைச் சேர்த்தால் இப்படித்தான் வரும்."

"மேகம் அதிகமான எல்லா இரவையும் தள்ளியிருக்கிறேன். உங்கள் பட்டியலில் இல்லாததையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறேன்."

"திங்கட்கிழமை பேசலாம். உன் எதிர்காலத்தையும் யோசித்துக்கொள்" என்று அன்பாகச் சொன்னார். பிறகு கழுகுமலைச் சிற்பங்கள் எவ்வளவு நேர்மையான வேலை என்று அரை மணி நேரம் விளக்கினார்.

நாலாம் நாள் பாராட்டு விழா. கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் அதே ஃபிளெக்ஸ், இன்னும் பெரிய சைஸில். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரைக்கு ஒரு வரவேற்புரை. பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசுவதாகத்தான் ஏற்பாடு. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"இங்கிலீஷ்ல பேசுனா எவன் மதிப்பான்? நம்ம காலேஜ் வாத்தியார்கூட இங்கிலீஷ் பேசுதாவ. அவிய சொந்த பாஷையில பேசட்டும். ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியக் கூடாது. அப்பத்தான் பெரிய ஆளுன்னு தெரியும். நீ தமிழ்ல சொல்லு."

வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து மேடையேற்றி, அவர் பேசுவது யாருக்கும் புரியக் கூடாது என்று ஏற்பாடு செய்கிற ஊர் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை. அந்த அண்ணாச்சி வாழ்க. அந்த ஒரு ஏற்பாட்டால்தான் என் மானம் தப்பியது.

பேராசிரியர் எழுந்தார். மாலையோடு கம்பீரமாக இருந்தார். நான் பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்றேன்.

"நண்பர்களே, நாலு வருடம் வானத்தின் ஒரே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்றார் ஜெர்மனில்.

"நாலு வருஷமா ஒரே எடத்தப் பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றேன்.

"மனிதகுலம் இதுவரை காணாத ஒன்றின் ஒளி எங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை உங்கள் ஊரில் முதன்முதலாகச் சொல்வதில் பெருமைப்படுகிறேன்."

முன்வரிசையில் அண்ணாச்சியும் என் அம்மாவும். மூன்றாவது வரிசையில் பட்டுச்சேலையில் பேச்சியம்மாள், காதில் பேனா இல்லாமல். மூன்று வருட ஒப்பந்தம் கண் முன்னால் ஒரு தடவை வந்து போனது. அம்மாவின் மருந்துச் செலவும் கூடவே வந்து போனது.

"தேடுனது எங்களுக்குக் கெடைக்கலங்கிறத ஒங்க ஊர்லதான் முதன்முதலாச் சொல்லுதோம். மறைக்காமச் சொல்லுததுல பெருமைப்படுதோம்" என்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த ஃபிளெக்ஸைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். என்ன ஆனாலும் விழா அவருடையது. கைதட்ட ஆரம்பித்தார். மண்டபமே தட்டியது. பேராசிரியர் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அப்படி ஒரு கைதட்டல் ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்ததில்லை.

கேள்வி நேரத்தில் பேச்சியம்மாள் எழுந்தார்.

"கெடைக்கலன்னு சொல்லுதிய, சரி. பாத்த ராத்திரியெல்லாம் கணக்குல சேத்துத்தான் சொல்லுதியளா, இல்ல பெறக்கிப் பாத்துட்டுச் சொல்லுதியளா? இந்தா, அன்னைக்கு மண்டியில தொரதான நம்பர் சொன்னாவ. அவியளே சொல்லட்டும்."

முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் பேச்சியம்மாளை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே நான் கொடுத்த தாள் இருந்தது. அவர் மோசமானவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மாலையை ஒருமுறை சரிசெய்தார். மைக்கை விட்டு விலகி, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எல்லா இரவுக்கும் ஒரே விதி வைத்தால் எதுவும் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு."

"ஏற்கெனவே சொல்லிவிட்டேன்" என்றேன்.

"எப்போது?"

"நீங்கள் பெருமைப்பட்டபோது."

ஆறு வருடத்தில் அவர் என்னை நேராக உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் மைக்கில், "பெறக்கல, எல்லா ராத்திரிக்கும் ஒரே விதிதாங்க" என்றேன். பேச்சியம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

திரும்புகிற ரயிலில் அவர் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

"என் சொற்களை மாற்றினாய்."

"முதல் பெயர் என்னுடையது, சார்."

பிறகு விருதுநகர் வரும்வரை கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்த முறை கையால்.

கட்டுரையைத் திருத்தினோம். கிடைக்கவில்லை, இருந்தால் இந்த அளவுக்குக் கீழேதான் என்று வெளியானது. ஒரு செய்தித்தாளும் சீண்டவில்லை. டிசம்பரில் என் ஒப்பந்தம் முடிந்தது. நிதி நெருக்கடி என்று கடிதம் வந்தது, ரொம்ப மரியாதையான கடிதம். பேராசிரியர் இப்போது ஊர் ஊராகப் போய், முடிவைப் பார்க்காமல் விதி வகுப்பது பற்றி உரையாற்றுகிறார். முதல் படமே பேச்சியம்மாளும் ஏழாவது மூட்டையும்தான். கடைசியாக ஒரு கூட்டத்தில் நானே போய் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறார். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது.

அறையைக் காலி செய்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அன்று அண்ணாச்சி போன் செய்தார். கட்டுரை வந்த விஷயம் தெரிந்து இன்னொரு ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறாராம்.

"இப்ப எதுக்கு அண்ணாச்சி? அதுலதான் ஒண்ணும் கெடைக்கலன்னு போட்டிருக்கே. எனக்கு வேலையும் போயிட்டு."

"தெரியும்ட்டி. நீ பேச்சியம்மாட்ட போன்ல சொன்னியாம்லா, அவிய எல்லாம் சொன்னாவ. நீ ஸ்டேசன்ல வந்து எறங்கும்போது அங்கன ஒண்ணும் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒன் போட்டோ. அதே பாஸ்போர்ட் போட்டோதான். எம்படத்தச் சின்னதாக்கிட்டேன். சனிக்கிரகத்த எடுக்கச் சொல்லிட்டேன். அந்த எடத்துல வேற என்ன போடன்னு பிரஸ்காரன் கேட்டான். ஒண்ணும் போடாதலே, கறுப்பா அப்படியே விடு, எங்க பாப்பா அங்கன பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கான்னு சொன்னேன்."

எங்கள் நாலு வருட ஆராய்ச்சி முடிவை அதுவரை யாரும் அவ்வளவு சரியாகப் படம் போட்டதில்லை.